நாவல்கொம்பையை வென்ற பதினான்கு சைக்கிள்கள்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்து ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் அது எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது சென்ற ஆண்டு ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஏழேகால் மணிக்கு, சிறுவாச்சூர் கோயில் வாசலில்தான் தெளிவாயிற்று. அன்றுதான் ‘பெரம்பலூர் – அரியலூர் ஒருங்கிணைந்த மிதிவண்டி மலைப்பயணப் பேரவை’யின் பதினான்கு வீரர்கள் பச்சைமலையை வெல்லப் புறப்பட்டார்கள். வீரர்களின் சராசரி வயது ஐம்பத்து நான்கு. சராசரி இடுப்பளவு பற்றிப் பேரவையின் ஆவணங்களில் குறிப்பு எதுவும் இல்லை.

நான் அந்தப் பேரவையின் செயலாளர் பாலசுந்தரம். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை ஒரு குறையாக யாரும் நினைக்க வேண்டாம். ஓட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர் உண்டு. ஓட்டியதை ‘மேற்காண் பொருள் தொடர்பாக’ என்று ஆரம்பித்து எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? காகிதத்தில் ஏறாத எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை, காகிதத்தில் ஏறியது நடக்காமல் போனதாகவும் கணக்கில்லை. நான் வேலையில் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். இதை வைத்தே குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன்.

பேரவையின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் இரண்டு மாவட்டங்களையும் அரசு பிரித்தது, பிறகு சேர்த்தது, மறுபடியும் பிரித்தது. அரசால் முடியாத ஒற்றுமையைச் சைக்கிள் சாதித்தது. பெயர்ப் பலகையில் எந்த ஊர் முதலில் வரவேண்டும் என்பதை முடிவு செய்ய மட்டும் ஏழு கூட்டங்கள் தேவைப்பட்டன. பெரம்பலூர் முதலில் வந்ததற்கு ஈடாக, அரியலூருக்குத் துணைத் தலைவர் பதவியும் கூட்டத்தில் முதல் வடையும் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

தலைவர் ஜெயசீலன். பெரம்பலூரில் கல்யாண மண்டபமும் டைல்ஸ் கடையும் வைத்திருப்பவர். டாக்டர் நடக்கச் சொன்னதால் சைக்கிள் வாங்கினார். துணைத் தலைவர் தமிழழகன் செந்துறைக்காரர். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிப் பழகியவர், ஆகவே மரண பயம் நீங்கியவர். “எங்க பக்கம் மலைதாங்க இல்ல. கடல் இருந்துச்சு” என்பார். எப்போது என்று கேட்டால், “ஒரு பத்துக் கோடி வருஷம் இருக்கும்” என்று நேற்று வற்றியதுபோல வருத்தப்படுவார். தொழில்நுட்பச் செயலாளர் ஹேமலதா, தனியார் கல்லூரியில் கணினிப் பாடம் எடுப்பவர். வீரர்கள் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தது அவர்தான். அதை நாங்கள் எல்லாரும் ‘ஆப்’ என்போம். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், எவ்வளவு கொழுப்பு கரைந்தது என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடும். ஏறியிருப்பது சைக்கிளா வேறு எதுவுமா என்பதை மட்டும் நம்மிடம் கேட்காது. பெரிய மனது உள்ள கருவி அது.

வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சிறுவாச்சூர் அம்மன் சந்நிதி வெள்ளியும் திங்களும்தான் திறந்திருக்கும். புதுச் சைக்கிள்களுக்குப் பூஜை போட வேண்டும் அல்லவா? சக்கரத்துக்கு ஒன்றாக இருபத்தெட்டு எலுமிச்சம்பழங்கள் வைத்தோம். கார் என்றால் எலுமிச்சை நசுங்கும். மெலிந்த டயர் கொண்ட இந்த வெளிநாட்டுச் சைக்கிள்களில் எலுமிச்சை நசுங்கவில்லை, சைக்கிள்தான் சரிந்தது. மூன்று வீரர்கள் பயணம் தொடங்குமுன்பே முழங்கையில் ரத்தம் சிந்தினார்கள். ஆடி வெள்ளிக்கு வந்திருந்த கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கொடியசைப்பு மூன்று முறை நடந்தது. முதல் முறை போட்டோகிராபர் தயாராக இல்லை. இரண்டாவது முறை தலைவர் கண்ணை மூடிவிட்டார்.

சுற்றுச்சூழலைக் காக்கப் புறப்பட்ட அந்தப் பதினான்கு சைக்கிள்களுக்குத் துணையாக ஆறு கார்களும் இரண்டு வேன்களும் ஒரு டெம்போவும் வந்தன. வீரர்கள் கோயில் வாசலிலிருந்து நெடுஞ்சாலை ஓட்டல் வரை, ஏறத்தாழ எண்ணூறு மீட்டர், நிற்காமல் மிதித்தார்கள். அங்கே பொங்கல், வடை. அதன் பிறகு, வீரர்களின் ஆற்றலை மலைக்காகச் சேமித்து வைக்கும் பொருட்டு, சைக்கிள்களை டெம்போவிலும் வீரர்களை வேனிலும் ஏற்றினோம். ஆப் ஓடிக்கொண்டே இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் தலைவரின் வேகம் மணிக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்று காட்டியது.

“மேடு ஏற ஏற வேகம் கூடுதே, எப்படிம்மா?” என்று ஹேமலதாவிடம் கேட்டேன்.

“ஸ்டாமினா சார்” என்றார் அவர். வேன் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

தார் ரோடு ஓரிடத்தில் முடிந்தது. அங்கிருந்து நாவல்கொம்பை என்ற மலையூருக்கு நான்கு கிலோமீட்டர். அதை ரோடு என்று சொன்னால் ரோடு கோபித்துக்கொள்ளும், பாதை என்று சொன்னால் பாதை கோபித்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் தன் வசதிக்கு வெட்டிக்கொண்ட ஓடை அது, தண்ணீர் இல்லாத நாளில் ஜனங்களும் நடந்துகொள்கிறார்கள். ஆளுயரப் பாறைகள், ஒரு பக்கம் சரிவு. இங்கேதான் வீரர்கள் சைக்கிளில் ஏறுவதாகத் திட்டம். தலைவர் ஏறி உட்கார்ந்தார். மூன்றாவது மிதியில் இறங்கினார். மற்ற பதின்மூன்று பேரும் தலைவரின் வழியில் நடப்பவர்கள், ஆகவே ஏறவே இல்லை.

நல்லவேளையாக எங்களை வரவேற்க ஊர்க்காரர்கள் கீழே வந்திருந்தார்கள். வந்திருக்கும் பெரியவர்கள் ‘ஆபீசருங்க’ என்று யாரோ சொல்லியிருந்ததால் மாலை, தாரை தப்பட்டையுடன் வந்திருந்தார்கள். வீரமணி என்று ஒருவர், முப்பது வயதுக்குள் இருக்கும், சைக்கிள் ஒன்றை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதையா சார் ஓட்டிக்கிட்டு வரப்போறீங்க? குடுங்க, மரவள்ளி மூட்டைய விட லேசுதான்” என்று தலையில் வைத்துக்கொண்டார். பதினான்கு சைக்கிள்களும் பதினான்கு தலைகளில் ஏறின. அதில் ஐந்து பெண்களின் தலை. சைக்கிள்கள் எங்களை விட வேகமாக மலை ஏறின. நாங்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தோம்.

பாதி வழியில் தலைவரின் கால் பாறையிடுக்கில் மடங்கியது. கணுக்கால் பூசணிக்காய் ஆயிற்று.

“திரும்பிடலாங்களா?” என்றேன்.

“முன்வைத்த கால பின்வைக்கிற பழக்கம் எனக்கு இல்ல” என்றார் தலைவர். முன்வைக்கவும் அவரால் முடியவில்லை. மேலே வரவேற்பு இருக்கிறது, பள்ளிச் சுவரில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் இருக்கிறது, அதன் முன்னால் போட்டோ எடுத்தாக வேண்டும்.

ஊர்க்காரர் ஒருவர் மேலே ஓடிப்போய் நீளமான மூங்கிலும் கனத்த போர்வையும் கொண்டு வந்தார். அதைத் தூளியாகக் கட்டித் தலைவரை உள்ளே படுக்க வைத்து, முன்னே இரண்டு பேர், பின்னே இரண்டு பேராகத் தோளில் தூக்கினார்கள். முன்னால், சைக்கிளை மேலே இறக்கிவிட்டுத் திரும்பி வந்த வீரமணி. இவ்வளவு சுறுசுறுப்பான முதலுதவியை நான் எந்த அரசுப் பயிற்சி முகாமிலும் பார்த்ததில்லை.

தூளி ஆடிக்கொண்டே போகையில் தலைவர் கேட்டார். “ரொம்பப் பழக்கம் போல இருக்கே. இதுக்கு முன்னாடி யாரத் தூக்குனீங்க?”

“எம் பொண்டாட்டியத்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மொத பிரசவத்துக்கு.”

“நல்லபடியா போயிட்டு வந்தாங்களா?”

“அவ மட்டும் வந்துட்டாங்க” என்றார் வீரமணி.

நான் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

நாவல்கொம்பையில் நாற்பத்து மூன்று வீடுகள், ஒரு ஓராசிரியர் பள்ளி, கைப்பேசிக்கு எப்போதாவது டவர் கிடைக்கும் ஒரு பாறை. பள்ளிச் சுவரில் எங்கள் ஃப்ளெக்ஸ், பத்தடிக்கு எட்டடி. ஹெல்மெட் போட்ட பதினான்கு முகங்கள், அவற்றுக்கு மேலே ‘மலையே, வழிவிடு!’ என்ற வாசகம். அதை எழுதியது நான்தான். தலைவரைத் தூளியிலிருந்து இறக்கிச் சைக்கிள்மேல் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு, பிடித்த ஆட்கள் தெரியாதபடி போட்டோ எடுத்தார்கள். தலைவர் தன் உரையில், மலைவாழ் மக்கள் தினமும் உடற்பயிற்சி செய்ய வேண்டியதன் அவசியத்தை வலியுறுத்தினார். இப்போதுதான் இரும்பைத் தலையில் சுமந்து நான்கு கிலோமீட்டர் ஏறி வந்த ஐந்து பெண்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டார்கள்.

வேகவைத்த மரவள்ளியும் கருப்பட்டிக் காப்பியும் கொடுத்தார்கள். எனக்குக் கொண்டு வந்தது வீரமணியின் மனைவி சக்தி. ஆறு மாதம் என்று பார்த்தாலே தெரிந்தது.

“சார், நீங்க ஆபீஸ்ல இருந்தவருன்னு சொன்னாங்க.”

“ஆமாம்மா. முப்பத்தொரு வருஷம்.”

“எங்க ஊருக்கு ரோடு கேட்டு ஒம்பது வருஷமா மனு குடுக்குறோம். நான் பன்னெண்டாவது படிச்சிருக்கேன், கடைசி நாலு மனு நான் எழுதுனதுதான். நாங்க எழுதுனா பொலம்பலுங்கறாங்க சார். நீங்க எழுதுனா ரிப்போர்ட்டுங்கறாங்க.”

இவ்வளவு சரியாக என் பணிக்காலத்தை யாரும் எடைபோட்டதில்லை. நான் காப்பியைக் குடித்தேன்.

“இந்தப் பயணத்தப் பத்தி எழுதுவீங்கள்ல? அதுல ஒரே ஒரு வரி போட்டுடுங்க சார். ‘நாவல்கொம்பைக்கு ரோடு இல்ல’ன்னு. வேற ஒண்ணும் வேண்டாம். ஐப்பசியில எனக்கு நாளு. மழைக்காலம். அதுக்குள்ள ஒரு ஜீப்பு வர்ற அளவுக்கு வெட்டிவிட்டாக்கூடப் போதும்.”

“ஒரு வரிதானேம்மா? போட்டுடுறேன்” என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

இறங்கும் நேரத்தில் தூறல் போட்டது. தலைவரை மறுபடி தூளியில் படுக்க வைத்து மேலே பிளாஸ்டிக் தாள் மூடினார்கள். வழுக்கி விழுந்தால் கைப்பேசி உடையும், நனைந்தாலும் கெடும் என்று யோசித்த ஹேமலதா, பதினான்கு பேரின் கைப்பேசிகளையும் வாங்கி ஒரு பையில் போட்டுத் தலைவரின் வயிற்றின்மேல் வைத்தார். தூளியில் நனையாத இடம் அது ஒன்றுதான். எல்லாக் கைப்பேசியிலும் ஆப் இறக்கத்துக்கெனப் புதிதாக ஓடிக்கொண்டிருந்தது. வீரமணியும் மற்ற மூவரும் தூளியைத் தோளில் ஏற்றியதும் ஓட ஆரம்பித்தார்கள். நோயாளியைத் தூக்கினால் அவர்கள் நடப்பதில்லை, ஓடித்தான் பழக்கம். மற்ற பதின்மூன்று வீரர்களும் சைக்கிள்களை மறுபடி ஊர்க்காரர் தலைகளில் ஏற்றிவிட்டு, கைப்பேசி இல்லாமல், உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து இரண்டேகால் மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார்கள். நானும் அவர்களோடுதான் வந்தேன். என் வேட்டியின் பின்பக்கம் அதற்குச் சாட்சி.

தார் ரோட்டில் ஹேமலதா பையைத் திறந்தார். தூளி நின்றதும் தானாகவே கணக்கை முடித்திருந்த பதினான்கு கைப்பேசிகளும் ஒரே குரலில் வாழ்த்துச் சொல்லின. ‘சைக்கிள் பயணம். 4.1 கிலோமீட்டர். 39 நிமிடம். மலைப் பிரிவில் புதிய சாதனை.’

யார் முதலில் கைதட்டியது என்று எனக்கு நினைவில்லை. நான்தான் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது.

அறிக்கையைத் தயாரிக்க எனக்கு நான்கு நாட்கள் ஆயின. பதினோரு பக்கம். ஏழாம் பக்கத்தில் சக்தி கேட்ட வரியை, அலுவலக நடைக்கு மாற்றி, சேர்த்திருந்தேன். செயற்குழுக் கூட்டத்தில் தலைவர், கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, அந்த வரியில் விரலை ஊன்றினார்.

“செயலாளரே, இது என்னாது? ‘மேற்படி கிராமத்திற்குச் செல்லும் பாதை வாகனப் போக்குவரத்திற்கு உகந்ததாக இல்லை’?”

“உண்மைதானுங்களே.”

“உண்மைதான். ஆனா உகந்ததா இல்லாத பாதையில நாம எப்படிச் சைக்கிள்ல போனோம்?”

“நாம சைக்கிள்ல போகலியே.”

ஹேமலதாதான் நிலைமையைக் காப்பாற்றினார். “ஆப்புல போயிருக்கோம் சார்.”

தமிழழகன் எழுந்தார். “நான் ஒண்ணு கேக்குறேன். சைக்கிள் போச்சா இல்லியா? போச்சு. நாம போனமா இல்லியா? போனோம். ரெண்டும் சேந்து போகலன்னு ஏன் பிரிச்சுப் பாக்குறீங்க? மாவட்டத்தப் பிரிச்சது பத்தாதா?”

“அந்தப் பொண்ணு கேட்டுச்சுங்க. ஒரு வரி…” என்று இழுத்தேன்.

“ஒரு வரிதானே? எடுத்துட்டா என்ன குறைஞ்சிடப் போவுது?” என்றார் தலைவர்.

ஒரு வரியைச் சேர்ப்பது எவ்வளவு சுலபமோ, எடுப்பதும் அவ்வளவு சுலபம். எடுத்தேன். இடம் காலியாக இருந்தால் பக்கம் அசிங்கமாக இருக்கும் என்று, ‘பதினான்கு உறுப்பினர்களும் நாவல்கொம்பைப் பாதையை மிதிவண்டியில் 39 நிமிடங்களில் எவ்வித இடையூறுமின்றிக் கடந்தனர்’ என்று எழுதி நிரப்பினேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. அது என் சொந்த நடை. அறிக்கையின் பிரதிகளைப் ‘பார்வைக்கும் தகவலுக்கும்’ என்று தெரிந்த அலுவலகங்களுக்கெல்லாம் அனுப்பினேன். நாவல்கொம்பைக்கும் ஒன்று அனுப்பினேன்.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஒன்பது ஆண்டுகள் அசையாத மனு, எங்கள் அறிக்கை போனதும் ஆறே வாரத்தில் முடிவுக்கு வந்தது. பேரவையின் வேகம் அப்படி. சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பதில் கடிதம் மனுதாரர் வீரமணிக்கு அனுப்பப்பட்டு, நகல் எனக்கும் வந்தது. பெயரைச் சொல்லி அந்த அலுவலகத்தைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. கடிதம் இதுதான்:

‘பார்வை ஒன்றில் காணும் மனுவில், கிராமத்திற்குச் சாலை வசதி இல்லை எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. எனினும் பார்வை இரண்டில் காணும் பேரவையின் அறிக்கையின்படி, சராசரி 54 வயதுடைய பதினான்கு நபர்கள் மேற்படி வழியை மிதிவண்டியில் 39 நிமிடங்களில் எவ்வித இடையூறுமின்றிக் கடந்துள்ளமை தெரியவருகிறது. எனவே சாலை நன்னிலையில் உள்ளது எனக் கொண்டு மனு முடித்து வைக்கப்படுகிறது. அவசர காலங்களில் கிராம மக்கள் மேற்படி பேரவையின் முன்மாதிரியைப் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முப்பத்தொரு ஆண்டுகளில் நான் எழுதிய வாக்கியம் ஒன்றை எந்த அலுவலகமும் இந்த அளவுக்கு நம்பி எடுத்தாண்டதில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் கருப்பட்டிக் காப்பி நினைவுக்கு வந்தது. ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று கோப்பில் வைத்தேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலைவரின் கல்யாண மண்டபத்தில் ‘சாதனை வீரர்கள் பாராட்டு விழா’. வெளியே நல்ல மழை. மேடையில் பதினான்கு வீரர்களும் பதக்கத்துக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் வரவேற்புரையைக் கையில் எடுத்தபோது பையில் கைப்பேசி அடித்தது.

“சார், நான் நாவல்கொம்பை வீரமணி பேசுறேன். பாறை மேல நின்னு பேசுறேன், கட்டாயிடும். சக்திக்கு வலி வந்துருச்சு சார்.”

“ஐயய்யோ. தூக்கிட்டு வந்துடுங்கப்பா.”

“ஆம்பளைங்க எல்லாம் கேரளாவுக்கு மிளகு வேலைக்குப் போயிட்டாங்க சார். தூக்க நானும் எங்கப்பாவும்தான் இருக்கோம். பாதையில தண்ணி ஓடுது. நூத்தியெட்டு வண்டி தார் ரோட்டுலதான் நிக்கும்ங்கறாங்க. லெட்டர்ல உங்க பேரவைய முன்மாதிரின்னு போட்டுருக்காங்கள்ல சார்? முப்பத்தொம்பது நிமிஷத்துல வந்தவங்கள்ல ஒரு நாலு பேர அனுப்பி வைங்க சார். சைக்கிள் வேண்டாம். ஆளு மட்டும் வந்தாப் போதும்.”

அவர் குரலில் கேலி இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேடைக்குப் போய்த் தலைவரின் காதில் சொன்னேன். அவர் பெருந்தன்மையாளர், உடனே மைக்கில் அறிவித்தார். அவசரச் செயற்குழு மேடையிலேயே கூடியது. ஒருவருக்கு மூட்டு வலி, இன்னொருவருக்குச் சர்க்கரை. தமிழழகன் அந்த மலை பெரம்பலூர்ப் பக்கம் இருப்பதால் பெரம்பலூர்க் கிளைதான் முதலில் போவது முறை என்றார். ஹேமலதா ஆப்பைப் பார்த்து, இந்த மழையில் அந்த வழி ‘ஓட்டுவதற்குக் கடினம்’ என்று காட்டுவதாகச் சொன்னார். இறுதியில், ‘தாயும் சேயும் நலமுடன் இருக்கப் பேரவை மனமார வாழ்த்துகிறது’ என்று தீர்மானம் போடுவதென்று ஒருமனதாக முடிவாயிற்று.

“செயலாளரே, எழுதிக்குங்க” என்றார் தலைவர்.

பேனாவை எடுத்தேன். கை எழுத மறுத்தது. எனக்கு இப்படி ஆனதே இல்லை. எவ்வளவோ பொய்யான வாக்கியங்களைத் தயங்காமல் எழுதிய கை அது. எனக்கு அப்போது அவமானமாக இருந்தது, அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. தீர்மானப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன். பின்னால் நாதஸ்வரம் ஆரம்பித்தது, பதக்கம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மண்டப வாசலில் நின்ற வாடகைக் காரைப் பிடித்தேன். தார் ரோடு முடியும் இடத்துக்குப் போனபோது மதியம் ஒரு மணி. அங்கே ஆம்புலன்ஸ் இல்லை. ஒரு டீக்கடைக்காரர், “இப்பத்தாங்க ஏத்திக்கிட்டுப் போறாங்க. பாதிப் பாதையிலயே புள்ள பொறந்துருச்சு. அஞ்சு பொம்பளைங்களும் ரெண்டு ஆம்பளைங்களும் மாத்தி மாத்தித் தூக்கிட்டு வந்தாங்க” என்று அடிவார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழி சொன்னார். சைக்கிள் சுமந்த அதே ஐந்து பெண்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சுகாதார நிலையத்தின் வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் சுருட்டிப் போடப்பட்டிருந்தது. மழைக்குச் சக்தியின்மேல் போர்த்திக் கொண்டு வந்திருக்கிறார்கள். சேறும் ரத்தமுமாக இருந்தது. மடிப்புக்கு வெளியே தலைவரின் பாதி முகமும் ‘வழிவிடு!’ என்ற எழுத்தும் தெரிந்தன. இந்த அறிக்கையை எழுதும் கடமை எனக்கு இருப்பதால் பதிவு செய்கிறேன்: எங்கள் பயணத்தால் நாவல்கொம்பைக்குக் கிடைத்த ஒரே பயன் அந்த ஃப்ளெக்ஸ். நல்ல கனமான சீட்டு, தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

உள்ளே சக்தி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் துணிச் சுருளுக்குள் பெண் குழந்தை, சின்ன முகத்தைச் சுளித்துக்கொண்டு. வீரமணி தலை துவட்டாமல் சுவரோடு நின்றிருந்தார். அவர் தோள் இரண்டும் மூங்கில் அழுத்திச் சிவந்திருந்தன.

“இன்னும் அரைமணி நேரம் போயிருந்தா நான் என்னா பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது” என்று நர்ஸ் யாரிடமோ சொல்லிக்கொண்டே ஒரு படிவத்தை எடுத்து உட்கார்ந்தார். தாயும் சேயும் உயிரோடு இருக்கிறார்கள். இது பேரவையின் சாதனைகளில் சேராது.

சக்தி கண்ணைத் திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு திட்டவில்லை, அழவும் இல்லை. “வாங்க சார்” என்றாள். வீட்டுக்கு வந்தவரைக் கூப்பிடுகிற மாதிரி.

நர்ஸ் படிவத்தில் பேனாவை வைத்தார். “அம்மா பேரு சக்தி. அப்பா பேரு வீரமணி. பொறந்த நேரம் பதினொண்ணே முக்கால்னு போட்டுக்குறேன். பொறந்த எடம்?”

“ரோட்டுலங்க” என்றார் வீரமணி.

நர்ஸ் நிமிர்ந்தார். “நாவல்கொம்பைதானே? நானும் நாலு வருஷமா தடுப்பூசிக்கு நடந்தே வரேன். அங்க ஏதுய்யா ரோடு?”

வீரமணி என்னைக் கை காட்டினார். “இருக்குன்னு சார்தாங்க எழுதியிருக்காரு.”

நர்ஸ் என்னைப் பார்த்தார். சக்தியும் பார்த்தாள். அந்தக் குழந்தை ஒன்றுதான் என்னைப் பார்க்கவில்லை, அதற்கு இன்னும் படிக்கத் தெரியாது. நர்ஸ் படிவத்தைத் திருப்பி, பேனாவோடு என் பக்கம் நகர்த்தினார்.

“அப்ப இந்த வரியையும் நீங்களே எழுதுங்க சார்.”